ஈறும் தட்டையும் ஓர் அவசரக் கோப்பும்

பயப்படுகிறவன் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் யாராவது ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுப்பார்கள். பயத்தை மறைக்க ஜோக் அடிக்கிறவனுக்கு அதுவும் கிடைக்காது. எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவன் மட்டும் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பான். நான் அந்த இரண்டாவது ரகம். என் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் இன்றைக்கும் பிறந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொள்வதற்குள் இந்திய அரசாங்கத்தின் ஓர் அமைச்சகத்தில் மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் என் மானம் எப்படிச் சந்தி சிரித்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, கடைசிவரை படியுங்கள்.

ஏஷியாடு விளையாட்டுக்காக டெல்லியை மூலைக்கு மூலை தோண்டிப் போட்டிருந்த குளிர்காலம். எனக்கு நாற்பத்து நாலு வயது. பவன் என்று முடியும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். மனைவி கோமதி, அம்பாசமுத்திரத்துக்காரி. மகள் மீனா, பதினாலு வயது, டெல்லியிலேயே பிறந்து, தமிழை இந்தி மாவில் முக்கிப் பொரித்துப் பேசுகிறவள்.

கோமதியைப் பற்றி ஒரு விஷயம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். அவள் சுடும் தட்டைக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பகுதியில் பெரிய பெயர். பொங்கல் விழா, நவராத்திரி, யாராவது மாற்றலாகிப் போகும்போது வழியனுப்பு டீ, எதுவானாலும் “தட்டை கோமதி வீட்டிலேர்ந்து வந்துரும்” என்று கமிட்டிக்காரர்கள் கேட்காமலேயே எழுதிக்கொள்வார்கள். அவளும் முதல் நாளே அரிசியை ஊறப்போட்டுவிடுவாள். அதிகம் பேசாதவள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலை நிமிரும்.

அந்தத் தலையில்தான் நான் ஒரு போடு போட்டேன்.

அந்த வருடம் எனக்குக் கீழ்ப் பற்களின் ஈறு மெல்ல மெல்ல இறங்கி, இரண்டு பற்கள் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி வேர் தெரிய நின்றன. தீபாவளியன்று சாயங்காலம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பலகாரத் தட்டுகளோடு கூடினோம். யாரோ என் பல்லைப் பார்த்துவிட்டு, என்ன சார் ஆச்சு என்று கேட்டார். நாற்பது பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது.

“ஒண்ணுமில்ல சார். கோமதி சுட்ட தட்டை. ஒவ்வொரு கடிக்கும் தட்டை அப்படியே இருக்கு, ஈறுதான் ஒரு நூல் கீழ போகுது. கார்ப்பரேஷன்காரன் வந்து விலைக்குக் கேக்கறான், ரோட்டுல தோண்டின குழிக்கெல்லாம் மூடி போடணுமாம்.”

சிரிப்பு எதிர் பிளாக் வரைக்கும் கேட்டது. கோமதியும் சிரித்தாள், வாயால் மட்டும். (இதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அந்த ஜோக் பிய்த்துக்கொண்டு போயிற்று. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் என்னிடமே அதைச் சொன்னார். ஒரு வாரத்தில் தட்டைக்கு “மூடி” என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு பொங்கல் விழாக் கமிட்டி கூடியபோது தட்டையை எதிர் பிளாக்கில் வேறொரு அம்மாளிடம் ஒப்படைத்தார்கள். கோமதியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. தட்டை தட்டும் துணியை மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போனேன். அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த சுனிதா என்ற பஞ்சாபிப் பெண் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, “அங்க்கிள், வீட்டில் எப்படித் தேய்ப்பீர்கள், காட்டுங்கள்” என்றார். நான் காட்டினேன். கடையில் இருப்பதிலேயே முரடான பிரஷ், காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், தோளிலிருந்து பலம் கொடுத்துத் தேய்ப்பது என் இருபது வருடப் பழக்கம். மாதம் ஒரு பிரஷ் மொட்டையாகும். அதை ஆரோக்கியம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அங்க்கிள், இது பல். தரை இல்லை.”

அவ்வளவுதான் விஷயம். என் ஈறைத் தின்றது தட்டை இல்லை, நானேதான். நான் மெதுவாக, “கடினமான பலகாரம் ஏதாவது...” என்று ஆரம்பித்தேன். “சான்ஸே இல்லை” என்றார்.

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், ஜோக் அப்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஜோக்கிலிருந்து குதிக்க எனக்கு மனசு வரவில்லை. “டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். “வயசு” என்றேன்.

டாக்டர் சொன்ன மீதி விஷயம் இன்னும் மோசம். மேல் அண்ணத்திலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்துக் கீழ் ஈறில் வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பல்லும் போய்விடும். மேல் வீட்டுக் கூரையைப் பிரித்துக் கீழ் வீட்டுச் சுவரை அடைப்பது என்று நான் புரிந்துகொண்டேன். “அந்த இடத்தில் முடி முளைக்குமா?” என்று கேட்டேன். “மேலண்ணத்தில் உங்களுக்கு முடி இருக்கிறதா அங்க்கிள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

இரண்டு தடவை தேதி கொடுத்தார். முதல் தடவை பார்லிமென்ட் கேள்விக்குப் பதில் தயாரிக்க வேண்டும் என்று தப்பித்தேன். (பார்லிமென்ட் அப்போது கூடவே இல்லை. பல் டாக்டர்கள் பேப்பர் படிப்பதில்லை என்று நம்பினேன்.) இரண்டாவது தடவை வரிசையில் உட்கார்ந்தபடி வேண்டுமென்றே எட்டு முறை தும்மி, ஜலதோஷம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். மூன்றாவது தடவை சுனிதா டாக்டர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி எவ்வளவு பயப்படுகிறார், பின்னால் பத்து நாள் எப்படி வாழ்கிறார் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான்தான் கடைசி ஆள். நான் ஓடிவிட்டால் தீஸிஸில் ஒரு ஆள் குறையும். ஒரு படிவத்தையும் நீட்டினார். முதல் கேள்வி: பயம் எவ்வளவு, பூஜ்யம் முதல் பத்துவரை.

நான் பூஜ்யம் என்று எழுதினேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக எதையோ குறித்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள். ஆபீஸில் மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குச் சாவு பயம் நிஜமாகவே வந்துவிட்டது. ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள், தையல் பிரிந்து ரத்தம் நிற்காமல் போனவர்கள் என்று எனக்குத் தெரியாத ஆட்கள் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். கைகால் உதறும்போது ஒரு மனிதன் தெரிந்த தொழிலைத்தான் செய்வான். சிலர் ஜபம் செய்வார்கள். நான் நோட் எழுதினேன்.

அரசாங்க ஆபீஸில் லீவில் போகிறவர், தன் இடத்துக்கு வருகிறவருக்கு என்னென்ன வேலை பாக்கி, எந்தக் கோப்பு எங்கே என்று ஒரு பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவது வழக்கம். நான் அதே வெளிர் பச்சை நோட் தாளை எடுத்து, அதே ஆபீஸ் இங்கிலீஷில், பத்தி எண் போட்டு, என் குடும்பத்தைக் கோமதியிடம் ஒப்படைத்து ஒரு குறிப்பு எழுதினேன். (இங்கிலீஷில் எதற்கு என்று கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் நோட் எழுதிய கைக்கு உயிலும் அந்தப் பாஷையில்தான் வரும்.)

கீழே கையெழுத்திட்டவர் வாய்க்குள் தோல் மாற்றும் பொருட்டு நாளை முற்பகல் முதல் பத்து நாள் விடுப்பில் செல்கிறார். பணிக்குத் திரும்பாத பட்சத்தில் குடும்பப் பொறுப்பைத் திருமதி கோமதி ஏற்கலாம் என்று தொடங்கியது அது. படுக்கையறை ரேடியோவை இடது பக்கம் தட்டினால்தான் பாடும். மீனாவின் கணக்குப் பாடத்தை மாடி வீட்டு பானர்ஜியிடம் விட்டுவிடலாம். கீழே கையெழுத்திட்டவருக்கு அது ஒருநாளும் புரிந்ததில்லை, இதுவரை புரிந்தமாதிரி தலையாட்டி வந்தார். இப்படிப் போய்க்கொண்டிருந்தவன் ஐந்தாவது பத்தியில் வந்து நின்றேன். சாகப்போகிற நேரத்தில் பொய்யை மேலே எடுத்துக்கொண்டு போவதா என்று தோன்றிவிட்டது. எழுதினேன்:

“கீழே கையெழுத்திட்டவரின் ஈறு இறங்கியதற்குத் திருமதி கோமதி சுட்ட தட்டையே காரணம் என்று தீபாவளியன்று கூறப்பட்டது. அது உண்மைக்குப் புறம்பானது. முழுப் பொறுப்பும் கீழே கையெழுத்திட்டவரின் பிரஷ்ஷையும் கையையுமே சாரும் என்று டாக்டர் தெளிவுபடுத்தியுள்ளார். மேற்படி தட்டையில் குறை எதுவும் காணப்படவில்லை. கீழே கையெழுத்திட்டவர் அன்று மட்டும் பதினோரு தட்டை சாப்பிட்டார்.”

கடைசிப் பத்தி கையின் பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது: “மேற்கண்டவாறு செயல்பட அனுமதி கோரிச் சமர்ப்பிக்கப்படுகிறது.”

அதை ஒரு கோப்பு உறையில் போட்டேன். நான் போய்விட்டால் கோமதி உடனே படிக்க வேண்டும் அல்லவா, அதனால் சிவப்பு “அவசரம்” சீட்டு ஒன்றையும் மேலே சொருகினேன். என் மேஜை டிராயரில் பூட்டி வைப்பதாக ஏற்பாடு. ஆள் போனால் டிராயரைக் காலி செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது லீவுப் படிவத்தில் கையெழுத்துப் போட அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது மேஜை காலி. டிராயருக்குள் வைத்துவிட்டோம் என்று நினைத்து, பூட்டி, சாவியை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆபரேஷன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஊசி குத்தினது எறும்பு கடித்தமாதிரி இருந்தது. அதற்கப்புறம் சுனிதா டாக்டரும் நர்ஸும் டாக்டரின் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்த புடவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே என் வாயில் தையல் போட்டார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தெரிந்த சுலோகத்தில் தெரிந்த இரண்டு வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கீழ் ஈறின்மேல் ரோஜா நிறத்தில் மாவு மாதிரி எதையோ அப்பி, “பத்து நாளைக்குச் சூடு கூடாது, காரம் கூடாது, மென்று தின்னக் கூடாது, பேசக் கூடாது” என்றார். வெளியே பெஞ்சில் கோமதி உட்கார்ந்திருந்தாள். “பேசவே கூடாதா?” என்று டாக்டரை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

டெல்லி ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாது. நான் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு, ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் உட்கார்ந்து, பல் கிட்டிவிடாமல் பார்த்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். காலையில் ஆறிப்போன காபி. மத்தியானம் ஜில்லென்ற தயிர் சாதம், கரைத்தது. கீழே ஈறு சும்மா இருந்தது. தோல் கொடுத்த மேலண்ணம்தான் நாலு நாள் வெந்துபோன மாதிரி எரிந்தது. கடன் வாங்கினவன் குறட்டை விடுகிறான், கொடுத்தவன் புலம்புகிறான்.

எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மீனாவின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினேன். “காபி இன்னும் ஆறவில்லை. மீண்டும் சமர்ப்பிக்கவும்.” மீனா படித்துவிட்டு, “அம்மா, வீட்ல கித்னா சாந்தியா இருக்கு இல்ல?” என்பாள். (கித்னா என்றால் எவ்வளவு.) டாக்டர் கொடுத்த படிவத்தைத் தினமும் கோமதிதான் நிரப்பினாள். வலி, தூக்கம், சாப்பாடு, பேச்சு, பொதுவாக வாழ்க்கை எப்படி என்று கட்டங்கள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். பேச்சு: இல்லை. வாழ்க்கை: மிக நன்று.

இது என் வாழ்க்கையைக் கேட்கிறது என்று சிலேட்டில் எழுதினேன்.

“யார் வாழ்க்கைன்னு தாள்ல போடலியே” என்றாள்.

அன்று மத்தியானம்தான் எனக்குக் கோப்பு ஞாபகம் வந்தது. சாகவில்லை, ஆகவே கோமதி அதைப் படிக்கக் கூடாது. டிராயர் சாவியை எடுத்துப் பார்த்தேன். பூட்டினது ஞாபகம் இருந்தது. உள்ளே வைத்தது ஞாபகம் இல்லை. எத்தனை யோசித்தும் இல்லை. வியர்த்துவிட்டது, ஜனவரியில்.

பானர்ஜி வீட்டில் போன் இருந்தது. ஆனால் நான் பேசக் கூடாது. கோமதிக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய ஒன்றைக் கோமதியை வைத்தே தேடவேண்டிய நிலைமை. சிலேட்டில் எழுதினேன்: “ஆபீஸில் பிஷன்சிங்கைக் கேள். என் மேஜைமேல் அவசரச் சீட்டோடு ஒரு கோப்பு. எங்கே?”

“அதுல என்ன இருக்கு?”

“ஆபீஸ் விஷயம்.”

பிஷன்சிங் எங்கள் செக்‌ஷன் பியூன். மேஜைகளில் எத்தனை கோப்புகள் கிடந்தாலும் நாலு மணிவரை அசையமாட்டார். சிவப்புச் சீட்டைக் கண்டால் மட்டும் பாய்ந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். கோமதி போன் பேசித் திரும்பி வந்தாள். “அவரு ரொம்பப் பெருமையாச் சொல்லுதாரு. சாப் வெளியே போன அஞ்சாவது நிமிஷமே நான் கோப்பை மேல அனுப்பிச்சுட்டேன், கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்கன்னாரு. எதுக்கு இப்படி முழிக்கீங்க? வலிக்குதா?”

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பிஷன்சிங்கே வீடு தேடி வந்தார். ஜாயிண்ட் செக்ரட்டரி மேடம் கூப்பிடுகிறார். லீவில் இருப்பது தெரியும். வீட்டிலிருந்து யாரையாவது கூட அழைத்து வரவும் என்று தகவல். மேடம் கோப்பில் கமாவைக்கூட விசாரிப்பவர். அவர் அறைக்குள் போன செக்‌ஷன் ஆபீசர்கள் வெளியே வந்ததும் முதலில் தண்ணீர்ப் பானையைத்தான் தேடுவார்கள். நான் தனியாகவே போகிறேன் என்று சைகை காட்டினேன்.

“பஸ்ல டிக்கெட் எப்படிக் கேப்பீங்க, சிலேட்லயா? சும்மா வாங்க. நானும் வாரேன்” என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

குரங்குக் குல்லாயோடு, கையில் சிலேட்டோடு, நான் மேடத்தின் அறைக்குள் நுழைந்தேன். அவர் கோமதியை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. கோமதியின் இந்தி காய்கறி வண்டிக்காரரிடம் கற்றுக்கொண்டது. யாரிடம் பேசினாலும் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வது போலவே இருக்கும்.

“இவர் பேசமாட்டாரா?” என்று மேடம் கேட்டார்.

“இன்னும் ஆறு நாளைக்கு இல்லை. டாக்டர் உத்தரவு.”

“கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்று சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து என் பக்கமாகத் திருப்பினார்.

என் குறிப்புக்குக் கீழே அண்டர் செக்ரட்டரி எழுதியிருந்தார்: “யோசனை ஏற்கத்தக்கது. உத்தரவுக்காக.” அதற்குக் கீழே டெபுட்டி செக்ரட்டரி: “ஒப்புக்கொள்கிறேன்.” என் சாவுக்கு இரண்டு மட்டத்தில் அனுமதி கிடைத்திருந்தது. இருவரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் எதையும் படித்ததில்லை. மேடம் மட்டும் படித்திருந்தார். ஐந்தாவது பத்திக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு கோடு இழுத்து எழுதியிருந்தார்: “பாதிக்கப்பட்டவருக்கு இது தெரியுமா?”

“பாதிக்கப்பட்டவர் இவர்தானே?” என்று என்னைக் கேட்டார். நான் சிலேட்டைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

“இது உங்களுக்கு எழுதினது. தப்பி எங்களிடம் வந்துவிட்டது” என்று கோப்பைக் கோமதியின் கையில் கொடுத்தார்.

கோமதி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். ரேடியோவுக்கு முகம் மாறவில்லை. கணக்குப் பாடத்துக்கு லேசாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது பத்தியில் விரல் நின்றது. படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். நான் அந்த அறையின் கூரையைப் பார்த்தேன்; அங்கேயும் ஒரு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து வந்திருந்தது.

அவள் அழவில்லை, திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மேடத்தைப் பார்த்து, “இதுல பதினொண்ணுன்னு எழுதியிருக்கு. பதினாலு சாப்பிட்டாங்க. நான் எண்ணினேன்” என்றாள்.

மேடம் பேனாவை எடுத்துப் பதினொன்றை அடித்துப் பதினாலு என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

“என்ன ஆச்சு, சொல்லுங்கள்” என்றார். கோமதி சொன்னாள். டெல்லிக்கு வந்த நாளிலிருந்து கோமதி பேசிய இந்தியையெல்லாம் கூட்டினாலும் அன்று பேசினதில் பாதி வராது. நாற்பது பேர் சிரித்தது, பஸ் ஸ்டாப், மூடி, பொங்கல் கமிட்டி, எதையும் விடவில்லை. “சிரிச்சாங்க, சரி. ஆனா மறுநாள் ஒருத்தர்கூட, ஒருத்தர்கூட, உங்க தட்டை அப்படி இல்லம்மான்னு வந்து சொல்லல. இதோ நிக்காங்களே, இவங்களுக்கு உண்மை தெரியும். தெரிஞ்சும் சொல்லல.” அதைச் சொல்லும்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

எனக்கு மேலண்ணத்து எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிதாக வேறெங்கோ எரிந்தது. நாற்பது பேரைச் சிரிக்க வைக்கிறவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்த நாற்காலி இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்த என் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மேடம் பச்சை மையில் உத்தரவு எழுதி, எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். ஐந்தாவது பத்தி பதிவு செய்யப்பட்டது. குற்றச்சாட்டு யார் யாரிடம் கூறப்பட்டதோ அவர்கள் அனைவருக்கும் அது திரும்பப் பெறப்பட்டதைச் செக்‌ஷன் ஆபீசர் தெரிவிக்க வேண்டும். பொங்கலுக்கு முன்.

பிறகு என்னைப் பார்த்து, “குறிப்பு நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் கோப்பிலும் இப்படி உண்மையை எழுதினால் என் வேலை குறையும்” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் எண்ணிக்கை ஒன்றைத் தவிர வேறு திருத்தம் இல்லாமல் மேலே போய்வந்த என் ஒரே நோட் அதுதான். அவ்வளவு அவமானத்திலும் மனசுக்குள் ஒரு மூலையில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

பஸ்ஸில் கோமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே தோண்டிப் போட்டிருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் சிலேட்டில் எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். கடைசியில் ஒரு வார்த்தைதான் மிஞ்சியது: “தப்பு.”

அவள் அதைப் பார்த்தாள். “அப்ப சர்க்குலர் எழுதுங்க” என்றாள்.

எழுதினேன். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியவேண்டிய செய்தியை ஒரே தாளில் எழுதி, கீழே பெயர்ப் பட்டியல் போட்டு, மேஜை மேஜையாக அனுப்பிக் கையெழுத்து வாங்குவோம். அதே முறை. பொருள்: திருமதி கோமதியின் தட்டை, மற்றும் அது தொடர்பாகப் பரப்பப்பட்ட தவறான தகவல். கீழே தீபாவளியன்று புல்வெளியில் இருந்த அத்தனை குடும்பங்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே “பார்த்தேன்” என்று கையெழுத்துப் போட இடமும். அதை எடுத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போனேன். கூடவே கோமதி, கையில் எவர்சில்வர் டப்பா, அதில் அன்று காலை சுட்ட தட்டை.

வாய் பேச முடியாத ஆள் தாளை நீட்டுவான். வீட்டுக்காரர் படிப்பார். படித்து முடித்ததும் கோமதி டப்பாவைத் திறந்து நீட்டுவாள், பேசாமல். கடிப்பார்கள். அந்தச் சத்தம் இருக்கிறதே, கறுக்கென்று தெளிவாக, ஒவ்வொரு வாசலிலும் கேட்டது. கடினமான பலகாரத்துக்கு டாக்டர் போட்ட தடை ஆறு வாரம்; நான் தட்டையைத் தொடவே கூடாது. இருபத்தேழு வாசலில் இருபத்தேழு தடவை எச்சிலை விழுங்கினேன். பஸ் ஸ்டாப்காரர் இரண்டு எடுத்துக்கொண்டு, “உங்க ஜோக்கைவிட இது நல்லா இருக்கு சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எதிர் பிளாக் அம்மாள் படித்துவிட்டு, “அப்பாடா, பொங்கலுக்கு நீங்களே சுட்டுருங்கோ. எனக்கு ஒரு தட்டைகூட வட்டமா வரலை” என்று கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கலன்று புல்வெளியில் கோமதியின் தட்டை மூன்று டின் காலியாயிற்று. ஒரு ஓரத்தில் குல்லாயோடு ஐஸ்கிரீம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நிமிர்ந்து நடந்து ஒவ்வொரு தட்டிலும் வைத்துக்கொண்டு போனாள். என் பக்கம் வந்தபோது நின்று, டின்னுக்குள் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள், முகம் முழுக்க. என் ஜோக் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பத்தாம் நாள் சுனிதா டாக்டர் ரோஜா மாவைப் பெயர்த்துப் பார்த்து, தோல் அழகாக ஒட்டிக்கொண்டது என்று மாணவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். படிவத்தையும் வாங்கிக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் கோமதி என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குக் காட்டவில்லை. படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தார். தீஸிஸ் தேறியது என்று கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பண்டிகைக்குத் தட்டை சுட்டாலும் முதல் ஈடு என் முன்னால் ஒரு தட்டில் வரும், மேலே ஒரு துண்டுச் சீட்டோடு. சீட்டில் தட்டையைப் பற்றி ஒன்றிரண்டு வரி கோமதி எழுதியிருப்பாள். நான் அதில் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். மீனா கல்யாணமாகி வந்த முதல் தீபாவளியில் மாப்பிள்ளைக்கு இது என்ன சடங்கு என்றே புரியவில்லை. எங்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பயபக்தியோடு கைகட்டி நின்றார். விஷயம் தெரிந்த பிறகு அவர்தான் எல்லோரையும்விட மோசம். “மாமா, மேல அனுப்பி அனுமதி வாங்கியாச்சா? பசிக்குது” என்று ஹாலிலிருந்து சத்தம் போடுவார். பேத்தி இப்போது சீட்டைக் கொண்டுவந்து நீட்டும் பொறுப்பை ஏற்றிருக்கிறாள்.

இந்த வருடம் வந்த சீட்டில், “பொரித்தவர் கோமதி. மாவு பிசைந்து கொடுத்தவர் கீழே கையெழுத்திடுபவர். கெட்டியாக இருந்தால் பொறுப்பு அவருடையது” என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான்.